முகம் தெரியாத நண்பரின் பித்தளை

பெட்டியில் பதினோரு பித்தளைக் குப்பிகள்தான் மிச்சம் இருந்தன. அதனால் ஹால்வர் ட்வெட் ஒரு நாளைக்கு ஒன்று என்று தமக்குத் தாமே ரேஷன் போட்டுக்கொண்டார்.

ஒரு நாளைக்கு ஒன்று என்பது தோட்டா கட்டுகிறவருக்குக் கடும் விரதம். சுட்டுத் தீர்த்த காலிக் குப்பியைக் கழுவி, பளபளவென்று மினுக்கி, நெம்புகோல் எந்திரத்தில் வைத்து அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீ பற்றவைக்கும் பொறிமூடி பொருத்தி, தராசில் மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை உட்காரவைத்தால் புதுத் தோட்டா. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் வேலைதான். ஆனால் குண்டு குப்பிக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் கச்சிதமாக உட்காரும்போது நெம்புகோல் வழியாக உள்ளங்கைக்கு ஒரு சேதி வரும். அந்தச் சேதி வந்தபின் இன்னொன்றை எடுக்காமல் எழுந்து போன மனிதரை எங்கள் மொன்டானா மாநிலத்தில் நான் பார்த்ததில்லை.

"ஹால்வர், சாப்பாடு ஆறுது." மாடிப்படி உச்சியிலிருந்து லோர்னா.

"அஞ்சே நிமிஷம்."

"இதையேதான் அரை மணி முன்னாடியும் சொன்ன. அங்க ஒரே ஒரு தோட்டாவ வச்சுக்கிட்டு என்ன பண்ணுற?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

லோர்னா சாப்பாட்டை மூடிவைக்கப் போனார்.

சிக்கல் இதுதான். இரண்டு வருடம் முன்பு ஹால்வருக்கு மார்பைப் பிளந்து இதயத்தில் வைத்தியம் நடந்தது. பிழைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்தவர் முன்னறையில் இருந்த பழுப்பு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் மூட்டையோடு மூட்டையாக ஓடிய மனிதர், ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்தார். பனி உருகும் சமயத்தில் ஒருநாள் எதையோ தேடி நிலவறைக்குப் போனவர், தூசி படிந்த பழைய எந்திரத்தின் நெம்புகோலைச் சும்மா ஒரு தரம் அழுத்தினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு லோர்னாவின் தொண்டை கட்டிப்போயிற்று. அன்றைக்கு அந்தத் தொண்டைக்கட்டு லோர்னாவுக்கு அமிர்தமாக இருந்தது.

டாக்டர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒட்டவைத்த மார்பெலும்பு துப்பாக்கியின் உதையைத் தாங்காது, தோளில் வைக்கவே கூடாது. ஹால்வர் யோக்கியர். துப்பாக்கி அலமாரியின் சாவியை அன்றே மனைவி கையில் கொடுத்துவிட்டார். ஆக, தோட்டா கட்டலாம், சுடக் கூடாது. சுடாவிட்டால் காலிக் குப்பி ஏது?

போதாக்குறைக்கு வசந்தகாலத்தில் லோர்னாவின் அக்கா பியூலா, கணவரை இழந்தபின் தங்கையோடு வந்து இருக்கப்போவதாகக் கடிதம் எழுதினார். வீட்டில் மிச்சமிருந்த ஒரே அறை நிலவறைதான். அப்போது நடந்த வாக்குவாதத்தில் ஒரு ஒப்பந்தம் முடிவாயிற்று.

"இருக்கற பித்தளை தீர்ற வரைக்கும் கட்டு. புதுசா ஒண்ணுகூட வாங்கக் கூடாது. தீர்ந்ததும் எந்திரத்தக் கழட்டி மூட்ட கட்டிரணும். அக்காவுக்கு ரூம் வேணும்."

"சரி" என்றார் ஹால்வர். சரி என்று சொன்னால் சரிதான். அவர் சொன்ன சொல் மாறாதவர். அதைவிடப் பெரிய தொல்லை, பரிதாபப்பட்டுக் கொடுத்தால் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

ஜூலையில் பதினொன்றும் தீர்ந்தன. ஹால்வர் மேலே வந்தார். பழுப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார்.

முதல் நாள் லோர்னா கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் அவருக்குப் பிடித்த இறைச்சி ரொட்டி செய்தார். ஹால்வர் முள்கரண்டியால் அதைத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். ஐந்தாம் நாள் அவருடைய நாற்காலி மெத்தையைக் காணவில்லை.

"லோர்னா, இதோட மெத்த எங்க?"

"நாய் கடிச்சுப் போட்டுருச்சு."

"பட்டனுக்கு வாயில நாலு பல்லுதான இருக்கு?"

"அந்த நாலும் நல்லா இருக்கு."

மெத்தை இல்லாத நாற்காலியில் மரச்சட்டம் குத்தியது. சுவரைப் பார்ப்பதற்குக்கூட வசதி இல்லாமல் போன ஹால்வர், அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த சுடும் மைதானத்துக்கு வண்டியை விட்டார். சுட முடியாவிட்டாலும் வாரா வாரம் அங்கே போய்க் காவலாளி கஸ் பிரிபிலோடு ஒரு காபி குடித்து, அடுத்தவர் சுடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவது அவர் வழக்கம்.

கஸ் பேச்சுக்கு ஆகாத மனிதர். அவர் ஒரு பழைய காபி டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"இது உனக்கு."

ஹால்வர் மூடியைத் திறந்தார். உள்ளே நாற்பது காலிக் குப்பிகள். எல்லாம் அவருடைய துப்பாக்கி அளவு.

"யாரு குடுத்தது?"

"ஒருத்தங்க. வந்தாங்க, சுட்டாங்க. இத யாராவது தேவப்படுறவங்களுக்குக் குடுத்துருன்னாங்க."

"யாரு அந்த ஆளு?"

"பேரு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. கூச்ச சுபாவம்." கஸ் எழுந்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைக்கப் போனார்.

மைதானத்தில் விட்டுப்போன பித்தளை எடுத்தவருக்குச் சொந்தம். எங்கள் பக்கத்தில் இது சட்டத்துக்குச் சமானம். பைபிள் வகுப்பு நடத்துகிறவர்கூட இந்த விஷயத்தில் வேறு கருத்து சொல்ல மாட்டார். ஹால்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டினார்.

"இது புதுசா வாங்குனது இல்ல. தானா வந்தது. ஒப்பந்தத்துல இது வராது" என்றார்.

லோர்னா இடுப்பில் கைவைத்து டப்பாவை முறைத்தார். "இந்த வீட்டுக்கு எப்ப விடிவு காலமோ. சரி, போ. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா ஒரே கூப்பிடுல வரணும்."

அன்றைக்கு ஆறு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் டப்பா இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். ஹால்வர் ஒவ்வொரு குப்பியையும் விளக்கடியில் பிடித்து அளந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மெய்சிலிர்த்தது.

"கஸ், இந்த மனுஷன் சாதாரண ஆள் இல்ல. குப்பியோட கழுத்த எவ்வளவு ஒழுங்கா வெட்டியிருக்கான் பாரு. ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் கிடையாது. நான் வெட்டுற மாதிரியே வெட்டுறான்."

"ம்."

"இன்னொரு அதிசயம் கேளு. என் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. இந்த ஜில்லாவுல என்ன மாதிரி சிரத்தையா ஒருத்தன் இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"ம்" என்றார் கஸ். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

இப்படி ஒரு மனிதருக்கு வாயால்கூட நன்றி சொல்ல முடியவில்லையே என்று ஹால்வருக்கு மனம் உறுத்தியது. எங்கள் ஊரில் ஒருவர் தக்காளி கொடுத்தால்கூட நன்றி அட்டை எழுதாமல் தூங்க மாட்டார்கள். எனவே அவர் சாமான் அலமாரியிலிருந்து லோர்னாவின் ஹக்கிள்பெரி ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்து, கழுத்தில் நன்றி அட்டை கட்டி, காபி டப்பாவில் வைத்துக் கஸ்ஸிடம் கொடுத்தார். மலையில் கரடியோடு போட்டி போட்டுப் பறித்த பழம் அது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கென்று லோர்னா பூட்டாத குறையாகக் காத்துவந்த ஜாம். வாரத்துக்கு ஒரு பாட்டில் போயிற்று.

"ஹால்வர், என் ஜாமுக்கு என்னமோ ஆகுது."

"எலியா இருக்கும்."

"பாட்டிலோட தூக்கிட்டுப் போற எலியா?"

"பெரிய எலி."

லோர்னா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தையல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தில் பெண்கள் சேர்ந்து போர்வை தைப்பார்கள். லோர்னா இந்தக் கோடையில்தான் சேர்ந்திருந்தார். வந்ததும் தோளில் தைலம் தேய்த்துக்கொள்வார். குனிந்து தைத்தால் வலிக்கத்தானே செய்யும் என்று ஹால்வர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் மனமெல்லாம் கீழே இருந்தது. அங்கேயும் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. கட்டி முடித்த தோட்டாப் பெட்டிகளை எவ்வளவு அடுக்கினாலும் அலமாரி நிறையவே இல்லை. ஒழுங்காக அடுக்கத் தெரிந்தால் இடத்துக்குப் பஞ்சமே வராது என்று பட்டனிடம் பெருமையாகச் சொன்னார்.

செப்டம்பரில் பியூலா வந்து இறங்கினார். மூன்று பெட்டி, ஒரு தையல் எந்திரம், நிறைய அபிப்பிராயம்.

"அடியில வெடிமருந்து, அதுக்கு மேல சோபாவுல நானா? லோர்னா, நீ எனக்கு ரூம்னு எழுதுன."

"பித்தள தீர்ந்ததும் உனக்குத்தான்க்கா."

"எப்ப தீரும்?"

"தீரவே மாட்டேங்குது" என்று பெருமூச்சு விட்டார் லோர்னா.

பியூலா சும்மா இருப்பவர் அல்ல. துவைக்கப் போடும் சாக்கில் ஹால்வரின் கோட்டுப் பையைத் துழாவினார். அடுத்த நிமிடம் ஒரு காகிதத்தோடு சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"லோர்னா, உக்காரு. உன் தலையில இடி விழப்போகுது. கேளு. 'முகம் தெரியாத அன்பு நண்பருக்கு. உங்களைப் பார்க்காமலே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. நீங்கள் தருவதைக் கையில் எடுத்தால் எனக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. சனிக்கிழமைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை.'"

லோர்னா கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கடைசிக்கு முந்தின வரிய இன்னொரு தடவ படி."

"'என் மனைவிக்கு இது பிடிக்காது.'"

லோர்னா திரும்பிப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பியூலா ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டார்.

"அழுதுரு. மனசுல வச்சுக்காத. இந்த வயசுல, அறுத்துத் தச்ச நெஞ்ச வச்சுக்கிட்டு இந்த ஆளுக்கு எங்க இருந்து வருது தைரியம்? நான் கேக்குறேன் அவன."

கேட்டார். படியில் தடதடவென்று இறங்கிப் போய்க் காகிதத்தை ஹால்வரின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"யாரு அவ?"

"எவ?"

"சனிக்கிழம எவளுக்காகக் காத்துக்கிட்டிருக்க?"

ஹால்வர் விழித்தார். பிறகு விஷயம் புரிந்து, பித்தளை தரும் புண்ணியவானைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். பியூலா நம்பவில்லை.

"வெறும் காலிக் குப்பிக்கு ஒருத்தன் இப்படி லெட்டர் எழுதுவானா?"

"நீயே உக்காந்து ஒண்ணு பண்ணிப் பாரு பியூலா. ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்பறம் திட்டு."

அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மருந்து நிறுத்துக் கொடுத்து, நெம்புகோலில் கையை வைக்கச் சொன்னார். பியூலா வேண்டாவெறுப்பாக அழுத்தினார். குண்டு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பியூலா அதை வெளியே எடுத்தார். தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரியா வந்திருக்கா?"

"பிரமாதமா வந்திருக்கு."

"கொஞ்சம் கோணலா இருக்கற மாதிரி தெரியுது. இன்னொண்ணு குடு."

மேலே லோர்னா சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார்.

"அக்கா, சாப்பாடு ஆறுது."

"அஞ்சே நிமிஷம்" என்றது பியூலாவின் குரல்.

ஹால்வர் ஒரு எதிரியை நண்பராக்கிவிட்டதாக மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பியூலாவின் கை வாழ்நாள் முழுக்கத் தையல் எந்திரம் ஓட்டிய கை. சனிக்கிழமை வந்த நாற்பதும் திங்கட்கிழமை மதியத்துக்குள் காலி. அதன்பின் இருவரும் வெறும் பெஞ்சின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவரையொருவர் குறை சொன்னார்கள்.

"என் பங்குல கை வச்சுட்ட."

"உன் பங்குன்னு பேரா எழுதியிருக்கு? அந்த நண்பருக்கு இன்னொரு லெட்டர் போடு. ரெண்டு பேர் இருக்கோம்னு சொல்லு."

ஹால்வருக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் எழுதினார். 'அன்பு நண்பருக்கு, கேட்க வெட்கமாக இருக்கிறது, இயன்றால் இன்னும் கொஞ்சம்.' இரண்டு பாட்டில் ஜாமும் வைத்தார்.

அடுத்த வாரம் எண்பது இருந்தது. அதற்கடுத்த வாரமும் எண்பது. நவம்பரில் முதல் பனி விழுந்தபோதும் எண்பது. பியூலா நிலவறை தனக்கு வேண்டாம், சோபாவே போதும், ஸ்டூலுக்கு மட்டும் முதுகு சாய ஒரு கட்டை வேண்டும் என்று அறிவித்தார். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பித்தளை வருகிறவரை எந்திரம், நின்றால் மூட்டை.

நன்றி நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஹால்வர் போனபோது கஸ் முன்னால் டப்பா இல்லை.

"அவங்க வரல."

"ஏன்?"

"டாக்டர் கொஞ்ச நாளைக்குச் சுடவே கூடாதுன்னுட்டாராம். அளவுக்கு மீறி சுட்டுட்டாங்கன்னு."

ஹால்வர் காபியைத் தொடவில்லை. எண்பது தோட்டா. நாற்பது வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் என்று கேட்டது அவர் கை எழுதிய எழுத்து. முகம் தெரியாத ஒரு நல்ல மனிதரின் உடம்பைக் கெடுத்தாயிற்று.

"கஸ், நன்றி நாளுக்கு நீ எங்க வீட்டுக்கு வா. அவரையும் கூட்டிட்டு வா. காலுல விழுந்தாவது நான் மன்னிப்புக் கேக்கணும். எந்திரத்தயும் அவர் முன்னாடியே கழட்டிடறேன். இனிமே யாரும் எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம்."

"கழட்டிட்டு என்ன பண்ணுவ?"

ஹால்வர் தொடாத காபியைத் தள்ளிவைத்தார். வீட்டில் சுவர் அங்கேயேதான் இருந்தது.

"அவங்ககிட்ட சொல்றேன்" என்றார் கஸ்.

நன்றி நாளன்று வான்கோழி பொன்னிறமாக வெந்திருந்தது. லோர்னா இடது கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நார்வேக்கார வீட்டு வழக்கப்படி பியூலா உருளைக்கிழங்கு லெஃப்சா ரொட்டி தட்டி அடுக்கினார். மேசையில் ஐந்து தட்டு. ஐந்தாவது தட்டுக்கு எதிரே ஹால்வர் எந்திரத்தின் நெம்புகோலைக் கழற்றிக்கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

மணி அடித்தது. கஸ் மட்டும் நின்றார். கையில் ஒரு காகிதப் பை.

"அவர் எங்க?"

கஸ் ஹால்வரைப் பார்த்தார், லோர்னாவைப் பார்த்தார், ஐந்தாவது தட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம்.

"உள்ள வாங்க கஸ், குளிர் வருது" என்றார் லோர்னா.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாப்பிடும் முன் ஆளுக்கொரு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். ஹால்வர் எழுந்து நின்றார். 

"எனக்குப் பேசத் தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி நான் செத்துப் பொழச்சேன்னு எல்லாரும் சொன்னாங்க. உண்மையில பொழச்சது ஆஸ்பத்திரியில இல்ல, கீழ, அந்த பெஞ்சுல. ஜூலை மாசம் அது முடிஞ்சுதுன்னு நெனச்சேன். யாருன்னே தெரியாத ஒருத்தர் முடிய விடல. ஒரு வார்த்த பேசாம, ஒரு நன்றி வாங்காம, வாரா வாரம் எனக்காகச் சுட்டாரு. என்கிட்ட யாரும் இவ்வளவு அன்பா இருந்ததில்ல. அவர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவருக்கு நன்றி."

பியூலா மூக்கைச் சிந்தினார். "என்னோட நன்றி அந்த ஸ்டூலுக்கு."

லோர்னா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல. சாப்பாடு ஆறுது. ஹால்வர், ஜாம எடு."

ஹால்வர் பின்னால் இருந்த சாமான் அலமாரியைத் திறந்தார். கடைசி பாட்டில் நண்பருக்குப் போய் மூன்று வாரம் ஆயிற்று என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை உள்ளே விட்டார். கையில் பாட்டில் தட்டுப்பட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசையாக எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரே கட்டிய நன்றி அட்டை தொங்கியது.

அவர் அப்படியே நிற்கையில், ரகசியம் உடைந்துவிட்டது, இதற்காகத்தானே தன்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்ட கஸ், காகிதப் பையிலிருந்து பழைய பழுப்பு நாற்காலி மெத்தை ஒன்றை எடுத்து மேசைக்கு மேலாக நீட்டினார்.

"லோர்னா, தோளுக்கு வச்சுக்கற மெத்தைய அஞ்சாம் நம்பர் சுடுற மேடையிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க, வலி சரியாகி மறுபடி செவ்வாய்க்கிழம சுட வர்றப்ப தேடுவீங்களேன்னு எடுத்து வச்சேன்."